பெட்டி மேல போட்ட நம்பரைப் பார்த்து வாங்காதீங்க!

இந்த மாதப் பாடம்: காரில் லேப்டாப் சார்ஜ் போட இன்வெர்ட்டர் தேர்ந்தெடுப்பது எப்படி?



இந்தப் பாடத்தைக் குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கலாம். வாசிக்கத் தொடங்கும் முன் ஒரு செல்போன் சார்ஜரை எடுத்து நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தின் நடுவில் அது தேவைப்படும்.

நமக்கு நடந்தது

போன வருடம் காரையூர் பக்கம் ஒரு கிராமத்தில் வங்கி இணைப்புக் கடனுக்கு மனு தயாரிக்கும் வேலை. மூன்று குழுக்கள் மரத்தடியில் கூடியிருந்தன. நூறு நாள் வேலைக்குப் போகாமல், அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள் பாதிப் பேர். நாங்கள் லேப்டாப், பிரிண்டர் எல்லாம் எடுத்துக்கொண்டு வாடகைக் காரில் போயிருந்தோம். ஊருக்குள் நுழைந்த பிறகுதான் தெரிந்தது, அன்று மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம் வரை கரண்ட் வராது என்று.

"கவலை இல்லை, நம்மகிட்ட இன்வெர்ட்டர் இருக்கு" என்று தைரியமாகச் சொன்னோம். முந்தின வாரம்தான் வாங்கியது. பெட்டியின் மேல் 500 என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. காரில் செல்போன் சார்ஜர் செருகுகிற ஓட்டையில் அதைச் செருகி, லேப்டாப்பையும் பிரிண்டரையும் மாட்டினோம். முதல் தாளை அச்சடிக்கப் பொத்தானை அழுத்தியதும் எல்லாம் ஒரேயடியாக அணைந்துவிட்டது. காரில் ஃபியூஸ் போயிருந்தது.

டிரைவர் தம்பி மாற்று ஃபியூஸ் வைத்திருந்தார். பிரிண்டரைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை மட்டும் போட்டு வேலை பார்த்தோம். வெயில் தாங்காமல் கார் ஃபேனும் வேகமாக ஓடியது. இன்ஜின் ஓடவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து இன்வெர்ட்டர் "கீ கீ" என்று கத்தியது. "ஏதோ சத்தம் போடுது, இன்னும் ரெண்டு பேர் விவரம்தான்" என்று தொடர்ந்தோம். வேலை முடிந்து சாவியைத் திருப்பினால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. குழுப் பெண்கள் எட்டுப் பேர் சேர்ந்து வண்டியைத் தள்ளினார்கள். பொன்னமராவதி வந்து, ஒரு கடையில் மனுவை அச்சடித்து, வங்கி வாசலுக்குப் போனபோது கதவு சாத்தியிருந்தது.

அன்றுதான் அந்த மாதத்துக்குக் கடைசி நாள். மூன்று குழுக்களின் கடனும் ஒரு மாதம் தள்ளிப்போனது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு அந்தப் பணத்தை நம்பியிருந்த இரண்டு பேர் தனியாரிடம் வட்டிக்கு வாங்கினார்கள். அடுத்த கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டார்: "ஏம்மா, நாங்க ஒரு ஆட்டுக்குட்டி வாங்கினாக்கூட பல்லைப் பிடிச்சுப் பாத்துத்தான் வாங்குவோம். நீங்க எதைப் பாத்து வாங்கினீங்க?"

பெட்டியின் மேல் இருந்த நம்பரைப் பார்த்து வாங்கினோம் என்பதுதான் உண்மை. கடைக்காரர் மேல் குறை இல்லை. எதைக் கேட்க வேண்டும் என்று நமக்குத் தெரியவில்லை. அந்த அக்காவுக்குச் சொல்ல வேண்டிய பதில்தான் இந்தப் பாடம்.

இது நமக்கு எதற்கு?

"எங்க வீட்ல காரே இல்ல, எங்களுக்கு எதுக்கு இது?" என்று நினைக்கலாம். கூட்டமைப்பின் கணக்கு இப்போது லேப்டாப்பில் இருக்கிறது. அந்த லேப்டாப் நம் சந்தாப் பணத்தில் வாங்கியது. அதற்கு வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுவது நாம்தான். கையெழுத்துப் போடுகிறவருக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 2012-ஆம் ஆண்டில் நம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் இருந்தோம். அதற்கு முந்தின ஆண்டுதான் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியிருந்தது. லேப்டாப் வாங்கிய வீட்டில் அதைச் சார்ஜ் போட வழி இல்லாத நிலை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது லட்சத்துக்கும் மேலான மின்கம்பங்கள் விழுந்தன. நம் மாவட்டத்தில் ஆலங்குடி, கறம்பக்குடி, கீரமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் வாரக்கணக்கில் இருட்டு. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களிடம் காசு கொடுத்துச் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றினார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ஊரில் நிற்கிற ஒரு கார், ஒரு குட்டியானை, ஒரு டிராக்டர் எல்லாமே கரண்ட் கொடுக்கக் கூடியவை. முறையாக எடுக்கத் தெரிந்தால் நிவாரணப் பட்டியல் எழுதவும், உறவினருக்குத் தகவல் சொல்லவும் அது உதவும்.

இன்வெர்ட்டர் என்ன செய்கிறது?

வீட்டுச் சுவரில் வரும் கரண்ட் 230 வோல்ட். அது அலை மாதிரி முன்னும் பின்னும் ஓடும். கார் பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். அது ஒரே திசையில் போகும். இந்த 12-ஐ 230 ஆக்கி, அலை மாதிரி ஓட வைக்கும் பெட்டிதான் இன்வெர்ட்டர். வீட்டில் கரண்ட் போனால் ஃபேன் ஓட்டுகிற பெரிய இன்வெர்ட்டரும் இதே வேலையைத்தான் செய்கிறது. காருக்கானது கைக்கு அடக்கமாக இருக்கும், அவ்வளவுதான். 230 வோல்ட் என்பதால் இதிலும் ஷாக் அடிக்கும். சின்னப் பெட்டிதானே என்று அலட்சியம் வேண்டாம்.

மூன்று எழுத்து, இரண்டு அடையாளம்

1991-இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். பஸ்ஸின் பெயர்ப் பலகையைத் தானே படித்து ஏறிய முதல் நாளை இன்றும் சொல்லும் அம்மாக்கள் நம் குழுக்களில் உண்டு. அதேபோல இன்று மூன்று ஆங்கில எழுத்தைக் கற்போம். ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. வடிவம் தெரிந்தால் போதும்.

1. வி: இரண்டு கோடு கீழே சேர்ந்து, மேலே விரிந்திருக்கும். இது வோல்ட். கரண்ட்டின் அழுத்தம். மேல்நிலைத் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது போல.

2. ஏ: விரித்து வைத்த ஏணி மாதிரி, நடுவில் ஒரு குறுக்குக் கட்டை. இது ஆம்பியர். குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது போல.

3. டபிள்யூ: இரண்டு வி பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கும். இது வாட். மொத்தம் எவ்வளவு வேலை நடக்கிறது என்பது.

கணக்கு ஒன்றுதான்: வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட்.

இனி இரண்டு அடையாளம். பாம்பு நெளிவது போன்ற சின்னக் கோடு இருந்தால் அது சுவர் கரண்ட். நேர்கோடு ஒன்றும், அதன் கீழே விட்டுவிட்டுப் போட்ட சிறு கோடுகளும் இருந்தால் அது பேட்டரி வகைக் கரண்ட்.

இப்போது நடுவில் வைத்திருக்கும் செல்போன் சார்ஜரை எடுங்கள். பொடி எழுத்தில் இரண்டு வரிகள் இருக்கும். பாம்புக்கோடு உள்ள வரி 'இன்புட்', அதாவது உள்ளே வாங்குவது. நேர்கோடு உள்ள வரி 'அவுட்புட்', வெளியே கொடுப்பது. அவுட்புட் வரியில் 5 வி, 2 ஏ என்று இருந்தால் 5 பெருக்கல் 2, அதாவது 10 வாட். சில சார்ஜரில் அவுட்புட் பல வரியாக இருக்கும். ஒவ்வொன்றையும் பெருக்கிப் பார்த்து, பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சார்ஜர் எத்தனை வாட்? கண்டுபிடித்துவிட்டு மேலே படியுங்கள்.

முதலில் படிக்க வேண்டியது லேப்டாப் சார்ஜரை

நாம் செய்த முதல் தவறு, கடையில் இன்வெர்ட்டர் பெட்டியைப் படித்ததுதான். முதலில் படிக்க வேண்டியது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற லேப்டாப் சார்ஜரை. ஒயரின் நடுவில் கறுப்புக் கட்டையாக இருக்குமே, அதன் வயிற்றுப் பக்கம் திருப்பிப் பாருங்கள்.

நம் கூட்டமைப்பு லேப்டாப்பின் சார்ஜரில் அவுட்புட் 19.5 வி, 3.33 ஏ என்று இருக்கிறது. பெருக்கினால் ஏறக்குறைய 65 வாட். அலுவலக வேலைக்கான லேப்டாப்கள் பெரும்பாலும் 45 அல்லது 65 வாட் வகைதான். படம் வரைய, விளையாட என்று வாங்கும் பெரிய லேப்டாப்களின் சார்ஜர் 150, 200 வாட்டைக்கூடத் தாண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அதே சார்ஜரில் இன்புட் வரியில் 100–240 வி, 1.7 ஏ என்று போட்டிருக்கும். சிலர் 240-ஐ 1.7-ஆல் பெருக்கி, 'அப்பாடி, 400 வாட் வேணும் போல' என்று பெரிய இன்வெர்ட்டர் வாங்கிவிடுவார்கள். அந்த 1.7 என்பது 100 வோல்ட் மட்டும் உள்ள நாட்டில் செருகினாலும் தாங்குவதற்காகப் போட்ட உச்ச அளவு. நம் ஊரில் அவ்வளவு இழுக்காது. எனவே பார்க்க வேண்டியது நேர்கோடு உள்ள அவுட்புட் வரியை மட்டுமே.

பேட்டரி நம் சேமிப்புப் பெட்டி

இனி வண்டிப் பக்கம் வருவோம். நமக்குத் தெரிந்த குழுக் கணக்காகவே இதைப் பார்க்கலாம்.

கார் பேட்டரிதான் சேமிப்புப் பெட்டி. இன்ஜின் ஓடும்போது டைனமோ அதில் பணம் போடுகிறது. லேப்டாப் அதிலிருந்து எடுக்கிறது. நடுவில் இருக்கும் இன்வெர்ட்டர் ஒரு தரகர். ரூபாய்க்குப் பத்துப் பதினைந்து காசு கமிஷன் எடுத்துக்கொள்ளும். அந்தக் கமிஷன்தான் சூடாக வெளியே போகிறது. லேப்டாப் சார்ஜர் இரண்டாவது தரகர். அதுவும் பத்துக் காசு எடுக்கும். ஆகவே லேப்டாப்புக்கு 65 வாட் போய்ச் சேர வேண்டுமானால் பேட்டரியிலிருந்து 85 வாட்டுக்கு மேல் கிளம்ப வேண்டும். 12 வோல்ட்டால் வகுத்தால் ஏழு ஆம்பியருக்குச் சற்று மேல். கணக்குக்கு 7 என்று வைத்துக்கொள்வோம்.

சின்னக் காரின் பேட்டரி மேல் 12 வி 35 ஏஎச் என்பது போல எழுதியிருக்கும். 35 ஏஎச் என்றால், 7 ஆம்பியர் வீதம் எடுத்தால் 5 மணி நேரத்தில் பெட்டி காலி என்று அர்த்தம். புது பேட்டரிக்கே இந்தக் கணக்கு. பழைய பேட்டரியில் எழுதியிருக்கிற அளவு இருக்காது.

ஆனால் பெட்டியைக் காலி செய்யும் உரிமை நமக்கு இல்லை. வண்டியை ஸ்டார்ட் செய்யும் சில நொடியில் ஸ்டார்ட்டர் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கான குறைந்தபட்ச இருப்பு எப்போதும் பெட்டியில் கிடக்க வேண்டும். தவிர, கார் பேட்டரி என்பது சட்டென்று நிறையக் கொடுத்து, உடனே நிரப்பிக்கொள்ளும்படி செய்யப்பட்டது. அடிக்கடி ஆழமாகக் காலி செய்தால் அதன் ஆயுள் குறைந்துவிடும்.

நமக்கு நடந்ததை இப்போது கணக்குப் போடுங்கள். லேப்டாப் 7 ஆம்பியர். வேகமாக ஓடிய கார் ஃபேனும் ஏறக்குறைய அதே அளவு. மொத்தம் 14. இரண்டு மணி நேரத்துக்கு 28. பேட்டரியோ 35, அதுவும் பழையது. ஸ்டார்ட்டருக்கு என்ன மிஞ்சும்?

இன்வெர்ட்டர் கத்தியதே, அது என்ன? பேட்டரி 11 வோல்ட்டுக்கும் கீழே இறங்கப் போகிறது என்ற எச்சரிக்கை. நிறைந்த பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். பாதி குறைந்தால் 12.2 அளவில் இருக்கும். கத்தும் வரை காத்திருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகும் என்ற உறுதி இல்லை. அந்தச் சத்தம் இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் காப்பாற்ற வைத்தது. நம்மை வீடு சேர்ப்பதற்காக வைத்ததல்ல.

எனவே விதி: ஓடும்போது ஏற்று, நிற்கும்போது கழற்று. பொன்னமராவதியிலிருந்து புதுக்கோட்டை போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் சாதாரண லேப்டாப்பில் பாதிக்கு மேல் ஏறிவிடும். இன்ஜின் நின்றிருக்கும்போது கட்டாயம் தேவை என்றால், நல்ல பேட்டரியாக இருந்தால் ஒரு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கார் ஃபேன், பாட்டு எல்லாம் அணைத்திருக்க வேண்டும்.

அந்த ஓட்டை எவ்வளவு தாங்கும்?

காரில் நாம் சார்ஜர் செருகும் ஓட்டை முதலில் சிகரெட் பற்றவைப்பதற்காக வைத்தது. அதனால்தான் அந்த உருண்டை வடிவம். அதற்குப் போகும் ஒயர் மெலிது. அதைக் காக்க ஒரு ஃபியூஸ் இருக்கும். பல கார்களில் 10 அல்லது 15 ஆம்பியர். ஃபியூஸின் மேலேயே நம்பர் போட்டிருக்கும். டிரைவரிடம் கேட்டாலும் சொல்வார்.

10 ஆம்பியர் என்றால்: 12 பெருக்கல் 10, 120 வாட்.
15 ஆம்பியர் என்றால்: 12 பெருக்கல் 15, 180 வாட்.

இதுதான் மேல் எல்லை. இன்வெர்ட்டர் பெட்டியில் 500 என்று போட்டிருந்தாலும், 1000 என்று போட்டிருந்தாலும், அந்த ஓட்டை வழியாக 120-க்கோ 180-க்கோ மேல் வராது. மாட்டுக்கு 10 லிட்டர் மடி இருந்தாலும் கையில் இருப்பது 2 லிட்டர் செம்பு என்றால் ஒரு தடவைக்கு 2 லிட்டர்தானே?

நம் பிரிண்டர் லேசர் வகை. அச்சடிக்கும்போது உள்ளே ஓர் உருளையைச் சுட வைக்கும். அந்தச் சில நொடிக்குப் பல நூறு வாட் இழுக்கும். அதனால்தான் ஃபியூஸ் போனது. மிக்சி, அயர்ன் பாக்ஸ், ரைஸ் குக்கர் எல்லாம் இதே வகைதான். 500 வாட் மிக்சிக்கு பேட்டரியிலிருந்து 45 ஆம்பியருக்கு மேல் வேண்டும். காரின் ஓட்டையில் நினைத்தே பார்க்கக் கூடாது.

மிக முக்கியம்: ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ்தான் போட வேண்டும். பெரிய ஃபியூஸ் போடுவது, வீட்டு ஃபியூஸ் கட்டையில் செய்வது போலக் கம்பி சுற்றுவது, இரண்டுமே வண்டியைக் கொளுத்தும் வேலை. ஃபியூஸ் போகாவிட்டால் உள்ளே இருக்கும் ஒயர் எரியும்.

அப்படியானால் எத்தனை வாட் வாங்குவது?

சார்ஜரின் வாட்டைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் இன்வெர்ட்டர் இருந்தால் அது திணறாது, அதிகம் சூடாகாது. 65-க்கு ஒன்றரை மடங்கு ஏறக்குறைய 100. எனவே 65 வாட் லேப்டாப்புக்கு 150 வாட் இன்வெர்ட்டர் தாராளம். 500-க்குக் காசு கொடுப்பது வீண்.

பெட்டியில் வாட் இரண்டு விதமாக எழுதியிருக்கும். 'பீக்' அல்லது 'சர்ஜ்' என்பது ஒன்று. அது ஒரு கண நேரத்துக்கு மட்டும் தாங்கும் அளவு. 'கன்டினியூவஸ்' என்பது இன்னொன்று. அது தொடர்ந்து தாங்கும் அளவு. பெரிய எழுத்தில் முன்னால் போடுவது பெரும்பாலும் பீக் அளவைத்தான். நாம் கேட்க வேண்டியது, "தொடர்ந்து எத்தனை வாட் தாங்கும்? அது எந்த இடத்துல எழுதியிருக்கு, காட்டுங்க."

அடுத்து அலை. சுவர் கரண்ட்டின் அலை ஏற்றமும் இறக்கமுமாக வழவழப்பாக இருக்கும். அதே மாதிரி கொடுப்பது 'ப்யூர் சைன்' வகை, விலை கூடுதல். படிக்கட்டு மாதிரி வெட்டிவெட்டிக் கொடுப்பது 'மாடிஃபைடு சைன்' வகை, விலை குறைவு. லேப்டாப் சார்ஜர் எந்த அலையை வாங்கினாலும் முதலில் அதை நேராக்கிக்கொள்ளும். அதனால் படிக்கட்டு வகையிலும் பெரும்பாலும் வேலை செய்யும். லேசான இரைச்சலோ கொஞ்சம் கூடுதல் சூடோ இருக்கலாம். மோட்டார் உள்ள பொருட்களுக்குப் படிக்கட்டு வகை ஒத்துவராது. மூச்சுத்திணறலுக்கு மருந்துப் புகை பிடிக்கும் நெபுலைசர் வைத்திருக்கும் வீட்டார் இதைக் கவனத்தில் கொள்ளவும். லேப்டாப் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் ப்யூர் சைன் வகையே நல்லது.

எந்த வண்டியில் போடலாம்?

கார், ஜீப், குட்டியானை: இவை 12 வோல்ட். போடலாம்.

டிராக்டர்: இதுவும் 12 வோல்ட்தான். பேட்டரியும் பெரிது. ஓட்டை இல்லாவிட்டால் பேட்டரியில் கவ்வி மாட்டும் ஒயர் உள்ள இன்வெர்ட்டர் வேண்டும். சிவப்புக் கவ்வி கூட்டல் குறியில், கறுப்புக் கவ்வி கழித்தல் குறியில். மாற்றி மாட்டினால் இன்வெர்ட்டர் அந்த நொடியே போய்விடும். விவரம் தெரிந்தவரை வைத்து மாட்டுங்கள்.

பஸ், லாரி: பெரும்பாலும் 24 வோல்ட். 12 வோல்ட் இன்வெர்ட்டரை இதில் மாட்டக் கூடாது.

பைக், ஸ்கூட்டி: பேட்டரி மிகச் சிறியது. லேப்டாப்புக்கு ஆகாது.

இன்வெர்ட்டரே தேவைப்படாமலும் போகலாம்

காசு செலவழிக்கும் முன் இதையும் பார்த்துவிடுங்கள். புது லேப்டாப்கள் பலவற்றில், இப்போதைய செல்போனில் இருப்பது போன்ற 'டைப் சி' ஓட்டை வழியாகவே சார்ஜ் ஏறும். உங்கள் லேப்டாப்போடு வந்த சார்ஜரின் முனை அப்படி இருந்தால், காருக்கான 'பிடி' வகைச் சார்ஜரே போதும். 12 வோல்ட்டை 230 ஆக்கி, மறுபடி 20 ஆக்கும் சுற்று வழி இதில் இல்லை. தரகர் ஒருவர் குறைகிறார். ஷாக் அடிக்கும் 230 வோல்ட்டும் இல்லை. விலையும் பெரும்பாலும் குறைவு.

இதிலும் பெட்டி நம்பர் ஏமாற்றும். இரண்டு ஓட்டைக்கும் சேர்த்த வாட்டைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். டைப் சி ஓட்டை ஒன்றுக்கு மட்டும் எத்தனை வாட் என்று கேளுங்கள். அது லேப்டாப் சார்ஜரின் வாட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 60 வாட்டுக்கு மேல் போனால் ஒயரும் 100 வாட் தாங்கும் ஒயராக இருக்க வேண்டும்.

நம் லேப்டாப் பழையது. உருண்டை முனைச் சார்ஜர். ஆகவே நமக்கு இன்வெர்ட்டர்தான்.

கடையில் என்ன செய்ய வேண்டும்?

1. தனியாகப் போகாதீர்கள். கொள்முதலுக்குக் குழு தேர்ந்தெடுத்த மூன்று பேராகப் போங்கள். மூன்று கடையில் கொட்டேஷன் வாங்குங்கள்.

2. லேப்டாப்பையும் அதன் சார்ஜரையும் கையோடு கொண்டு போங்கள். லேப்டாப்பில் சார்ஜ் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். நிறைந்த லேப்டாப் கொஞ்சமாகத்தான் இழுக்கும், சோதனை சரிவராது.

3. வண்டியில் செருகி 20 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு கூடாது. முகர்ந்து பாருங்கள், கருகல் வாசம் கூடாது. செருகின இடத்தையும் தொட்டுப் பாருங்கள். லொடலொடவென்று இருந்தால் அங்கேதான் முதலில் உருகும்.

4. கேட்க வேண்டியவை: தொடர்ந்து எத்தனை வாட்? உள்ளே ஃபியூஸ் இருக்கிறதா, நாமே மாற்றலாமா? எத்தனை வோல்ட்டில் கத்தும், எத்தனையில் தானே அணையும்? ஃபேன் இருக்கிறதா? உத்தரவாதம் எத்தனை மாதம், யார் சரிசெய்து கொடுப்பார்?

5. ஜிஎஸ்டி பில் கூட்டமைப்பின் பெயரில் இருக்கட்டும். பொருளின் வரிசை எண் பில்லில் ஏறட்டும். இருப்புப் பதிவேட்டில் அன்றே எழுதிவிடுங்கள்.

பயன்படுத்தும்போது

• முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு இன்வெர்ட்டரைச் செருகுங்கள். கடைசியில் லேப்டாப். இன்ஜினை அணைக்கும் முன் இன்வெர்ட்டரைக் கழற்றிவிடுங்கள். லேப்டாப் இல்லாவிட்டாலும் செருகியே கிடக்கும் இன்வெர்ட்டர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரியைக் குடிக்கும்.
• பை, துணி, சீட் இடுக்கு எதிலும் திணிக்க வேண்டாம். காற்றோட்டம் வேண்டும்.
• ஸ்பைக் பாக்ஸ் மாட்டி நாலு பொருளைச் சேர்க்க வேண்டாம்.
• ஈரக் கையால் தொடாதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.
• மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சார்ஜ் போடவே கூடாது. வண்டிப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. நிறம் இல்லை, மணம் இல்லை, மயக்கம் போட வைத்து உயிரையே எடுத்துவிடும். புயல், மழை நாளில் வண்டியை உள்ளே நிறுத்திச் சார்ஜ் போடத் தோன்றும். வெட்டவெளியில் நிறுத்திய பிறகே இன்ஜினைப் போடுங்கள்.

முடிவாக

போன மாதம் கூட்டமைப்பின் மூன்று பிரதிநிதிகள் புது இன்வெர்ட்டர் வாங்கப் போனார்கள். அன்று கேள்வி கேட்ட அந்த அக்காவும் அதில் ஒருவர். கடைக்காரர் 500 வாட் பெட்டியை எடுத்து வைத்தாராம். அக்கா லேப்டாப் சார்ஜரைத் திருப்பிக் காட்டி, "எங்களுக்கு இதுதான் கணக்கு தம்பி, 65. தொடர்ந்து 150 தாங்குறதா எடுங்க" என்றாராம். கடைக்காரர் உள்ளே போய் வேறு பெட்டி கொண்டுவந்தார். அந்த மாதமே அதை வைத்து நான்கு கிராமங்களில் மனு தயாரித்தோம். பிரிண்டரை அலுவலகத்திலேயே விட்டுவிட்டுப் போனோம். வண்டியும் ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட் ஆனது.

கூட்டத்தில் பேசுவதற்கு

1. ஒரு லேப்டாப் சார்ஜரில் அவுட்புட் 20 வி, 2.25 ஏ என்று இருக்கிறது. எத்தனை வாட்? எத்தனை வாட் இன்வெர்ட்டர் போதும்?

2. உங்கள் ஊரில் புயல் அடித்துக் கரண்ட் இல்லை. யார் யார் வண்டியில் சார்ஜ் போடலாம்? பட்டியல் போடுங்கள். பக்கத்தில் 12-ஆ, 24-ஆ என்று எழுதுங்கள்.

3. உங்கள் குழு கடைசியாக வாங்கிய பொருள் எது? பெட்டியைப் படித்து வாங்கினீர்களா, விவரம் கேட்டு வாங்கினீர்களா?

வீட்டுப் பாடம்: வீட்டில் உள்ள டிவி, மிக்சி, ஃபேன் ஒவ்வொன்றிலும் வாட் எங்கே எழுதியிருக்கிறது என்று பிள்ளைகளோடு சேர்ந்து தேடிக் குறித்து வாருங்கள். அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.

(முதல் கேள்விக்கு விடை: 45 வாட். தொடர்ந்து 75 வாட் தாங்கினால் போதும். கடையில் 100 வாட் கேளுங்கள்.)